கழுத்தைக் கற்ற ஆறு வாரம்

மருத்துவப் படிப்பின் முதலாம் ஆண்டில் கை, கால், மார்பு, வயிறு ஆகியவற்றை முடித்துவிட்டுக் கழுத்துக்கு வந்தபோது, கூறாய்வு மேசையைச் சுற்றி நின்ற எங்கள் எல்லோருக்கும் ஓரளவு கை பழகியிருந்தது. கழுத்து சிறிய பகுதிதானே, இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று முதலில் சொன்னவன் நான்தான். ஆறு வாரம் ஆயிற்று. தொடையில் இரண்டு தசைகளைப் பிரிக்கும்போது முழுக் கையும் நுழைய இடம் இருந்தது. கழுத்திலோ, கீழ்த்தாடையின் விளிம்புக்கும் காறை எலும்புக்கும் நடுவில், மூச்சு போகும் குழலும், உணவு போகும் குழாயும், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளும், கைக்கும் உதரவிதானத்துக்கும் போகும் நரம்புகளும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. விரல் நுனியை நுழைப்பதற்கே வழி தேட வேண்டியிருந்தது.

புத்தகம் கழுத்தை முக்கோணங்களாகப் பிரித்துச் சொல்கிறது. மார்பெலும்பிலிருந்தும் காறை எலும்பிலிருந்தும் புறப்பட்டுக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டில் போய்ச் சேரும் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு தசையை நடுவில் வைத்து, அதற்கு முன்னால் ஒரு முக்கோணம், பின்னால் ஒரு முக்கோணம், அவற்றுக்குள் மேலும் சில உட்பிரிவுகள் என்று எல்லைகளை நான் முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். உடலில் அப்படிக் கோடு எதுவும் கிடையாது. அங்கே இருப்பவை அடுக்குகள். எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று தெரியாதவனுக்கு முக்கோணத்தின் பெயர் தெரிந்து பயனில்லை என்பது முதல் நாளே எனக்குப் புரியத் தொடங்கியது.

அன்று கழுத்தின் முன்பக்கத் தோலை உரிப்பது என் பங்கு. அங்கே தோல் மிக மெல்லியது. வயிற்றில் அழுத்திய அளவுக்கே இங்கும் கத்தியை அழுத்திவிட்டேன். தோலை மடித்துவிட்டு, பிளாட்டிஸ்மா என்னும் தசையைக் கால் மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் பேராசிரியை வந்து, நான் உரித்த தோலைப் புரட்டிக் காட்டினார். அதன் உட்புறத்தில், பழுப்புச் சிவப்பில் மெல்லிய இழைகள் சாய்வாக ஓடின. "உள்ளே தேடாதே தம்பி, அது உன் கையோடு வந்துவிட்டது" என்றார். தோலடிக் கொழுப்புக்குள்ளேயே காகிதம்போலப் பரந்து கிடக்கும் அந்தத் தசைக்கு, கழுத்து நரம்புகள் எதுவுமல்ல, முக நரம்பின் கிளை ஒன்றுதான் இறங்கி வந்து பொறுப்பேற்கிறது. பல்லைக் கடித்து வாயோரங்களைக் கீழே இழுத்தால் கழுத்தில் வரிவரியாக எழுவது இதுதான்.

இரண்டாம் வாரத்தில் செய்த தவறு அவ்வளவு எளிதாகப் போகவில்லை. ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டின் பின்விளிம்பில், ஏறத்தாழ நடுவில், தோலுக்குச் செல்லும் நான்கு நரம்புகள் ஒரே இடத்திலிருந்து விசிறிபோல வெளிப்படுகின்றன: ஒன்று காதை நோக்கி, ஒன்று பிடரியை நோக்கி, ஒன்று குறுக்காக முன்கழுத்துக்கு, ஒன்று காறை எலும்பைத் தாண்டித் தோளுக்கு. நான்கையும் ஒரே பிற்பகலில் முழுதாக வெளிக்கொணர்ந்த மகிழ்ச்சியில், அவற்றுக்குச் சற்று மேலே கொழுப்பிலும் நிணநீர் முடிச்சுகளிலும் சிக்கிக் கிடந்த ஒரு வெண்ணிற இழையை, வெறும் இணைப்புத் திசு என்று முடிவுசெய்து கத்தரித்து, கழிவுத் தட்டில் போட்டேன். அது 11ஆவது கபால நரம்பு, அதாவது துணை நரம்பு. புத்தகத்தின் படத்தில் மஞ்சள் நிறத்தில் தடிப்பாக ஓடும் அதே நரம்பு.

பேராசிரியை திட்டவில்லை. என்னைத் தோள்களைக் குலுக்கச் சொன்னார். பிறகு வலக்கையைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் உயர்த்தச் சொன்னார். "இவருக்கு உயிர் இருந்து, அந்த முடிச்சுகளில் ஒன்றைப் பரிசோதனைக்கு எடுக்க நீ கத்தி வைத்திருந்தால், இந்த இரண்டும் இனி அவருக்கு ஒழுங்காக வராது" என்றார். பிடரியிலிருந்து தோளுக்குப் பரந்து தோளை உயர்த்தும் டிரபீசியஸ் தசையை இயக்கும் அந்த நரம்பு, பின்முக்கோணத்தைக் கடக்கும் தூரம் முழுவதும் மேலோட்டமாகவே ஓடுகிறது. அதை மூடியிருப்பவை தோலும் கொழுப்பும் ஒரு திசுப்படலமும் மட்டுமே. தட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்து ஈரத்துணியில் வைத்தேன். தம் உடலைப் படிப்புக்காகத் தந்துவிட்டுப் போன ஒருவரின் முன்னால் நின்றுகொண்டு அதைச் செய்தபோது ஏற்பட்ட கூச்சத்தை எந்த மதிப்பெண்ணும் ஈடுசெய்யவில்லை.

அதன்பிறகு கத்தியைவிட மழுங்கிய கத்தரிக்கோலே என் கையில் அதிகம் இருந்தது. மூடிய நுனியைத் திசுவுக்குள் செலுத்தி, நரம்பு ஓடக்கூடிய திசைக்கு இணையாக மெல்ல விரித்தால் கொழுப்பு விலகும், நரம்பு நிற்கும். எதையும் வெட்டுவதற்கு முன் விரலால் உருட்டிப் பார்ப்பதும் பழக்கமாயிற்று: தமனி சுவர் தடித்து உருண்டையாக இருக்கும், சிரை தட்டையாகச் சப்பிக் கிடக்கும், நரம்பு உள்ளே துளையில்லாத கயிறுபோல விரலுக்கு எதிர்ப்புக் காட்டும். மேசையின் இடப்பக்கக் குழுவினர் எங்களைவிட மெதுவாக வந்துகொண்டிருந்ததால், அங்கே நின்று, அந்தப் பக்கத்துத் துணை நரம்பை நானே தேடி எடுக்க அனுமதி கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பிடித்தது, நரம்பு அறுபடவில்லை.

தலைக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாய்களைச் சுற்றியிருக்கும் கரோட்டிட் உறையைத் திறந்தது அவ்வளவு சிரமமாக இல்லை. உள்ளே தமனி நடுக்கோட்டுப் பக்கமும், ஜுகுலர் சிரை வெளிப்பக்கமும், இரண்டுக்கும் இடையில் பின்னால் ஒதுங்கி, மூளையிலிருந்து மார்புக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பும் புத்தகம் சொன்னபடியே இருந்தன. குரல்வளையின் முன்புறம் துருத்தி நிற்கும் கேடயக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் தமனி இரண்டாகப் பிரிகிறது. அகம் எது, புறம் எது என்பதில் அகம் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று பெயரைப் பார்த்து முடிவுசெய்து நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம். தொடக்கத்தில் புறத்தமனிதான் நடுக்கோட்டுக்கு நெருக்கமாக இருக்கிறது. கிளைகளைப் பார்ப்பதே பிழையில்லாத வழி. அகத்தமனி கழுத்தில் ஒரு கிளையும் விடாமல் மண்டையோட்டுக்குள் ஏறிவிடுகிறது, புறத்தமனியோ தொடங்கிய உடனேயே தைராய்டுக்கு ஒரு கிளையை அனுப்புகிறது.

கழுத்தின் அடிப்பகுதிக்குச் சாவியாக இருப்பது ஸ்கேலீனஸ் ஆன்டீரியர் என்னும் சிறு தசை. அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை தாமாக வரிசையில் நிற்கும்: முன்னால் காறை எலும்படிச் சிரை, பின்னால் அதே பெயருள்ள தமனியும் கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலும், முன்முகத்தின் மேலேயே சாய்வாக இறங்கும் ஃபிரெனிக் நரம்பு. கழுத்தின் 3, 4, 5ஆவது நரம்புகளிலிருந்து பிறக்கும் இந்த மெல்லிய நூல் மார்பு முழுவதையும் கடந்து உதரவிதானத்தை அடைகிறது. கருவில் உதரவிதானம் கழுத்து மட்டத்தில் உருவாகிக் கீழே இறங்கியபோது தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போனதே இதற்குக் காரணம்.

இதே கதையின் மறுபாதியைத் தைராய்டுக்குப் பின்னால் கண்டோம். குரல்வளையின் பெரும்பாலான தசைகளை இயக்கும் நரம்பு, வேகஸிலிருந்து நேராக அங்கே போகாமல், இடப்பக்கம் மார்புக்குள் இறங்கிப் பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளம் வழியாக மீண்டும் மேலேறுகிறது. வலப்பக்கம் அது காறை எலும்படித் தமனியைச் சுற்றியதும் திரும்பிவிடுகிறது. மார்பைக் கூறாய்வு செய்தபோது வளைவுக்கடியில் அதைப் பார்த்திருந்தோம். அதன் மேல்முனை எங்கே போகிறது என்று அப்போது யாரும் கவலைப்படவில்லை. இப்போது தைராய்டின் இட மடலை உயர்த்திப் பிடித்தபடி பள்ளத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். தோழி ஒருத்தி மார்புக்குள் அந்த நரம்பை இடுக்கியால் லேசாக இழுத்தாள். பள்ளத்தில், நான் இரத்தக்குழாய் என்று நினைத்திருந்த ஒரு நூல் அசைந்தது. அவள் விட்டாள், நின்றது. மீண்டும் இழுக்கச் சொன்னேன், மீண்டும் அசைந்தது. 2ஆம் நூற்றாண்டில் கேலன் பன்றிகளிடம் இந்த நரம்பைத் துண்டித்து அவற்றின் கத்தல் நின்றுபோவதைக் காட்டினார் என்று படித்திருக்கிறேன். தைராய்டு அறுவைச் சிகிச்சைக்கு முன் குரல் பாதிக்கப்படலாம் என்று ஏன் எச்சரிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது அந்த நூல் அசைந்தபோதுதான்.

தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளைப் பொறுத்தவரை, நான்கில் இரண்டைத்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அவரைவிதையளவுகூட இல்லாத அவற்றைப் பதப்படுத்திய உடலில் கொழுப்பிலிருந்து பிரித்தறிவது எங்கள் திறமைக்கு மிஞ்சிய வேலை.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் மேசைப் பக்கமே போகவில்லை. மேல்மூச்சுவழி அடைத்து ஒருவர் மூச்சுத் திணறுகிறார், வேறு எந்த வழியாலும் காற்றைச் செலுத்த முடியவில்லை, கழுத்தில் எங்கே துளையிடுவாய், உன் கழுத்திலேயே காட்டு என்றார். கேடயக் குருத்தெலும்பின் துருத்தலிலிருந்து விரலைக் கீழே நகர்த்தி, அதற்கும் மோதிரம்போன்ற கிரிகாய்டு குருத்தெலும்புக்கும் இடையிலுள்ள சிறு குழியில் நிறுத்தினேன். விரலை எடுக்காமல் எச்சில் விழுங்கு என்றார். குழி விரலைவிட்டு மேலே நழுவி, மறுபடி இறங்கி வந்து அதே இடத்தில் நின்றது. ஏன் ஏறியது என்று கேட்டார். வேறு எந்த எலும்போடும் மூட்டில்லாமல் தசைகளாலும் நாண்களாலும் மட்டுமே தொங்கும் நாவடி எலும்பை விழுங்கும் தசைகள் மேலே தூக்குகின்றன, குரல்வளை அதில் தொங்குகிறது, தைராய்டு குரல்வளையோடு கட்டப்பட்டிருக்கிறது என்றேன். விரலை எடுக்கச் சொல்ல அவர் மறந்துவிட்டார். அடுத்த கேள்விக்கும் கழுத்தில் விரலை வைத்தபடியேதான் பதில் சொன்னேன்.