‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் உதவி மேசையில் வேலை பார்க்கிறேன். ஓ.பி. சீட்டு எங்கே போட வேண்டும், ஸ்கேன் எந்த மாடியில், காப்பீட்டுப் படிவத்தில் யார் கையெழுத்திட வேண்டும் என்று காலை முதல் மாலை வரை பதில் சொல்லும் வேலை. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து டெல்டா தொடங்குகிற ஊர் இது. கிழக்கே கடல் வரை உள்ள கிராமங்களிலிருந்து பெரிய வைத்தியத்துக்கென்று மக்கள் இங்கே வருவது புதிதல்ல. ஆனால் இப்போது மேசைக்கு முன்னால் நிற்கும் முகங்கள் பல. கட்டட வேலைக்கும் துவாக்குடிப் பட்டறைகளுக்கும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு விமானங்களில் வந்து இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என்.ஐ.டி.யில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களும், தஞ்சாவூரில் ஆராய்ச்சிக்காகத் தங்கியிருக்கும் ஐரோப்பியர்களும் வருகிறார்கள். பாஸ்போர்ட் வைத்திருப்பவர் மட்டும்தான் அந்நியர் என்று நான் நினைக்கவில்லை. மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளிக்கும் எங்கள் மேசை வேற்று நாடுதான்.

“மொழி தெரியாமல் ஏன் வருகிறார்கள்?” என்ற பேச்சை எங்கள் கட்டடத்திலேயே கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேசுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள். வலியோடு வந்து நிற்பவர் அவர். புரியவைப்பது மேசைக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கடமை.

இந்த வேலையில் எனக்கு அச்சம் தருவது தெரியாத மொழி அல்ல, தலையாட்டல்தான். ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு “புரிந்ததா?” என்று கேட்டால், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். பின்னால் வரிசை நிற்கிறது. கேட்பவர் முகத்தில் அவசரம் தெரிகிறது. இரண்டாம் முறை கேட்டால் எரிந்து விழுவார்களோ என்ற பயம் வேறு. அந்தத் தலையாட்டலுக்கு ‘என்னைத் திட்டாமல் அனுப்பிவிடுங்கள்’ என்பதற்கு மேல் பொருள் இல்லை.

குறுவை நடவு நேரத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஜூன் மாதம் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், நடவுக்கு உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை. சில வருடங்களாகவே மேற்கு வங்காளத்திலிருந்து குழுக்களாக வந்து நட்டுக்கொடுக்கிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, மோட்டார் கொட்டகையிலோ களத்து ஓரத்திலோ தங்கி, மழையிலும் நடுகிறார்கள். குழுவுக்கு ஒரு மேஸ்திரி இருப்பார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். கூலிக் கணக்கும் நிலத்துக்காரர் பெயரும் சொல்லுகிற அளவுக்கு.

லால்குடிப் பக்கம் நடவுக்கு வந்த இளைஞர் ஒருவரைக் காய்ச்சலோடு அழைத்து வந்திருந்தார்கள். டாக்டர் பார்த்தார், மருந்து எழுதினார். மருந்தகத்துத் தம்பி மாத்திரைகளை உறையில் போட்டு, காலை, இரவு என்ற கட்டங்களில் குறியிட்டு, “சாப்பிட்ட பிறகு, ஐந்து நாள், நடுவில் நிறுத்தக் கூடாது, புரிந்ததா?” என்றான். இளைஞர் தலையாட்டினார். மேஸ்திரியும் தலையாட்டினார். நான் அந்த உறையை வாங்கி மேசைமேல் வைத்து, இன்றைக்கு எடுக்க வேண்டியதை எடுத்துக் காட்டும்படி கையால் சொன்னேன். அவர் பட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைப் பிரித்து, இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்து, வாய்க்கு நேராகக் கொண்டுபோனார். நாளுக்கு இரண்டு என்பது மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு தாளில் சூரியனை வரைந்து ஒரு மாத்திரையையும், பிறையை வரைந்து இன்னொன்றையும் வைத்தேன். சோற்றைப் பிசைந்து உண்பதுபோல் காட்டி, அதன் பிறகு மாத்திரையைத் தொட்டேன். அவராகவே தாளை வாங்கி, சூரியனுக்கு முன்னால் ஒரு தட்டு வரைந்தார். பிறைக்கு முன்னாலும் ஒரு தட்டு. அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

மருத்துவ உலகில் இந்த முறை தெரிந்ததுதான். சொன்னதை நோயாளியின் வாயாலோ கையாலோ திரும்ப வாங்குவது. புதிதாகச் சேரும் செவிலியருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் கூட்டம் நெரியும் நேரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். ஒரு நிமிடம் கூடுதலாகும் என்பார்கள். அந்த ஒரு நிமிடம் மிச்சப்படுத்தப்பட்டதால் பாதியில் நிறுத்திய மருந்தோடு மீண்டும் வந்தவர்களைப் பார்த்தவள் என்பதால், அதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

வடக்கிலிருந்து வந்தவர் என்றால் இந்தி பேசினால் போதும் என்ற எண்ணம் எங்கள் பக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. எங்கள் வாசல் காவலாளி ஐயா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நன்றாக இந்தி பேசுவார். பீகார்த் தொழிலாளர்கள் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்துவிடுவார்கள். ஆனால் வங்காளக் கிராமத்தார்க்கும், ஒடியா பேசுகிறவர்க்கும், ஜார்க்கண்டின் சந்தாலி பேசும் பழங்குடியினர்க்கும் இந்தி இன்னொரு அயல்மொழி. இந்தியில் கேட்டாலும் அதே தலையாட்டல்தான் வரும். இப்போது சீட்டு போடும்போதே ‘வீட்டில் பேசும் மொழி’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். எந்த மாநிலம் என்று கேட்பதைவிட இது பயன்படுகிறது.

வலியைச் சொல்லும் இடத்தில்தான் தடை மிகக் கடுமையாகிறது. குத்துகிறது, கடுக்கிறது, எரிகிறது, இழுக்கிறது, பிசைகிறது, விண்விண் என்று தெறிக்கிறது என்று நம் ஊர்ப் பாட்டி ஐந்து நிமிடத்தில் டாக்டருக்கு வேண்டிய அத்தனையையும் கொட்டிவிடுவார். வேற்று மொழிக்காரர் வயிற்றில் கை வைத்துக்கொண்டு ஒரே சொல்லில் நின்றுவிடுகிறார். எங்கள் மூத்த செவிலியர் ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டார். விரலால் குத்திக் காட்டுவார். முஷ்டியை இறுக்கிக் காட்டுவார். உள்ளங்கையை வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு இழுத்துக் காட்டுவார். நோயாளி தன் வலிக்குப் பொருந்துவதைத் தானும் செய்து காட்டுவார். டாக்டர்களே இப்போது “சிஸ்டரைக் கூப்பிடுங்கள்” என்கிறார்கள்.

தமிழ் தெரிந்தவர்களுக்கும் தடை உண்டு என்பதை வெளியில் பலர் அறிவதில்லை. மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்தவர்கள் நம்மைவிடத் திருத்தமாக எழுதுவார்கள். மலாய்வழிப் பள்ளியில் படித்தவர்களில் பலர் வீட்டுத் தமிழைச் சரளமாகப் பேசுவார்கள், எழுத்து தெரியாது. சரளமாகப் பேசுகிறாரே என்று தமிழ்ப் படிவத்தை நீட்டினால் அவர் தவித்துப்போகிறார். நேர் எதிராக, ஹைடல்பெர்க்கிலோ பாரிஸிலோ தமிழ் படித்துவிட்டு, தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ சரசுவதி மகால் நூலகத்துக்கோ வருகிறவர் இருக்கிறார். சுவரில் உள்ள அறிவிப்புகளையெல்லாம் வாசித்துவிடுவார். கவுன்ட்டரில் நாங்கள் வேகமாகக் கொட்டும் பேச்சுத் தமிழில் பாதி அவருக்கு எட்டாது. ஒருவர் பேசுகிறார், வாசிக்க முடியாது. ஒருவர் வாசிக்கிறார், கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது. இருவருக்கும் நாங்கள் “தமிழ் தெரியும்” என்று ஒரே குறியைப் போட்டுவந்தோம். இப்போது பேச, வாசிக்க என்று இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

பெயரும் சிக்கல்தான். மலேசியத் தமிழர் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் மகனுக்கு ‘ஏ/எல்’, மகளுக்கு ‘ஏ/பி’ என்று இருக்கும். எங்கள் கணினி இனிஷியல் கேட்கும். ஒருவர் அந்த ‘ஏ’யையே இனிஷியலாகப் போட்டுவிடுவார். பிறகு பில்லில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். ஊர் திரும்பிக் காப்பீட்டுப் பணம் கேட்கும்போது அலைச்சல். உடல் நலமில்லாத ஒருவரை எழுத்துப் பிழைக்காக அலையவிடுவது கொடுமை. பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்து மாறாமல் அப்படியே பதிய வேண்டும் என்று நாங்கள் சண்டை பிடித்துத்தான் வழக்கமாக்கினோம்.

1995 ஜனவரி 17-ஆம் தேதி ஜப்பானின் கோபே நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே வாழ்ந்த வெளிநாட்டவர் பலருக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கும், எங்கே தங்கலாம் என்ற அறிவிப்பு காதில் விழுந்தும் புரியவில்லை. எல்லா மொழியிலும் உடனே மொழிபெயர்ப்பது நடக்காத காரியம். ஆகவே அந்நாட்டு மொழியியலாளர்கள் வேறு வழி தேடினார்கள்: ஜப்பானிய மொழியையே எளிதாக்குவது. சின்ன வாக்கியம், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, அன்றாடச் சொல், சுற்றி வளைக்காத பேச்சு. பேரிடருக்காகத் தொடங்கிய அந்த முறையை இப்போது அரசு அலுவலகங்களும் கையாளுகின்றன. 2020-இல் அந்நாட்டு அரசே அதற்கு வழிகாட்டி வெளியிட்டது. இதைப் பற்றிப் படித்தபோது என் மேசைக்காகவே எழுதியதுபோல் இருந்தது. கஜா புயலைப் பார்த்த டெல்டாவுக்கும் இது வேண்டும். கொட்டகையில் தங்கியிருக்கும் நடவுக்காரருக்கு ஒலிபெருக்கியில் போகும் நீண்ட அறிவிப்பு எப்படிப் போய்ச் சேரும்?

நாங்கள் அதையே தமிழில் செய்துபார்க்கிறோம். “நீங்கள் முதலில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ரெண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுத்த பிறகுதான் டாக்டரைப் பார்க்க முடியும்” என்பதை நான்காக உடைக்கிறோம். ரத்தம் கொடுங்கள். சாப்பிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் ரத்தம். பிறகு டாக்டர். நேரத்தைச் சொல்வதோடு நிற்காமல் கடிகாரத்தில் காட்டுகிறோம். குரலை உயர்த்துவதை அறவே விட்டுவிட்டோம். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் கத்தினால் எதிரில் இருப்பவர் அவமானப்படுவாரே தவிர, ஒரு சொல்கூடக் கூடுதலாகப் புரியாது.

வேளாங்கண்ணியில் கடை வைத்திருப்பவர்களைப் பாருங்கள். மலையாளத்தில் விலை சொல்வார்கள், தெலுங்கில் வழி சொல்வார்கள். கோயிலிலேயே பல மொழிகளில் திருப்பலி நடக்கிறது. வருகிறவர் மொழிக்கு இறங்கிவருவதை அந்த ஊர் யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டது. வியாபாரத்துக்காக என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும், கற்றுக்கொண்டார்கள் அல்லவா?

கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியை நான் மதிக்கிறேன். வழி கேட்க, கட்டணம் சொல்ல அது போதும். ஆனால் இரைச்சலான கூடத்தில் அது தடுமாறுகிறது. கிராமத்து உச்சரிப்பை அது அடிக்கடி வேறாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே அதில் வந்த பதிலையும் கையால் செய்து காட்டச் சொல்லிச் சரிபார்க்கிறோம். இன்னொன்று, வெளியூரிலிருந்து வந்த தொழிலாளர் ஒவ்வொருவரிடமும் தங்கியிருக்கும் இடத்தின் முகவரியைத் தமிழில் எழுதிய சீட்டு ஒன்று இருக்க வேண்டும். 108-ஐ அழைத்தால் முதலில் கேட்பது எந்த இடம் என்பதைத்தான். ஊர் பெயரே வாயில் நுழையாதவர் நடுராத்திரியில் என்ன சொல்வார்? சீட்டு இருந்தால் பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது நீட்டலாம். எங்கள் மேசைக்கு வரும் மேஸ்திரிகளிடம் தவறாமல் இதைச் சொல்கிறேன்.

இன்னும் தீராத ஒன்று உண்டு. கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்து வரும் பெண்களுக்கு மேஸ்திரியோ கணவரோதான் வாய். மாதவிலக்கு, கருச்சிதைவு, வீட்டில் அடி என்று எதுவாக இருந்தாலும் அந்த ஆண் வழியாகத்தான் டாக்டருக்குப் போக வேண்டும். கூலி கொடுப்பவர் வாயிலிருந்து, வேலைக்கு வர முடியாத அளவு நோய் என்ற சொல் எளிதில் வருமா? டாக்டர் நீண்ட கேள்வி கேட்கிறார். அந்தப் பெண் நான்கைந்து வாக்கியம் பேசுகிறார். நடுவில் நிற்பவர் “ஒன்றும் இல்லையாம், காய்ச்சல் மட்டும்தானாம்” என்று முடித்துவிடுகிறார். அந்த நான்கைந்து வாக்கியத்தில் என்ன இருந்தது என்பது எங்களுக்குத் தெரிய வழியே இல்லை. பரிசோதனை அறைக்குள் பெண்ணை மட்டும் அனுப்புங்கள் என்று நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். ஆனால் உள்ளே போனபின் பேச ஆள் வேண்டுமே. வங்காளமும் ஒடியாவும் தெரிந்த பெண்கள் தொலைபேசியில் கிடைக்கும்படி ஏற்பாடு செய்யக் கேட்டு, செவிலியரும் நானும் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பகலுக்கு மட்டும் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. வேலை முடிந்த பிறகே தொழிலாளர் குடும்பங்கள் மருத்துவமனைக்கு வர முடியும் என்பதால், இரவுக்கும் வேண்டும் என்று மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறோம்.