கடன் வாங்காதவளின் இலக்கத்தை அழிக்க வைத்த கதை

இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில் சிறியதொரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் தொழில். எந்தக் கந்தோரில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தோட்டத்துச் சனம் என்னிடம்தான் கேட்கும். அப்படிப்பட்ட என்னையே ஓர் இணையக் கடன் கம்பனி மாதக்கணக்கில் அலைய வைத்தது. இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். கோபமும் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

என் சின்னம்மா மகள் கொழுந்து பறிப்பவள். பிள்ளையின் பாடசாலைச் செலவுக்காகக் கைபேசிச் செயலி ஒன்றில் சிறு தொகை கடன் எடுத்தாள். பதினான்கு நாளில் வட்டியோடு கட்ட வேண்டும். பிந்திவிட்டது. அவளுடைய கைபேசியில் இருந்த இலக்கங்களுக்கெல்லாம் அழைப்பு போகத் தொடங்கியது: கங்காணிக்கு, பிள்ளையின் ஆசிரியைக்கு, எனக்கு. "அக்கா, நீங்கள்தானே பிணை?" என்று தேனொழுகப் பேசிய பையன், அடுத்த மூச்சில் என் முழுப் பெயரையும் கடை இருக்கும் தெருவையும் சொன்னான். நான் எந்தக் கடதாசியிலும் கையொப்பம் வைக்கவில்லை.

கம்பனியின் இணையத்தளத்தைப் பார்த்தேன். அடேயப்பா! தொழில்துறை நன்னடத்தைக் கோவைக்குக் கட்டுப்பட்டவர்களாம், வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பது முதற்கடமையாம், எழுத்தில் கேட்டால் முப்பது நாளில் தரவை அழிப்பார்களாம். பக்கத்தின் அடியில் பச்சை நிற முத்திரை வேறு. அதை அழுத்திப் பார்த்தேன். எங்கும் போகவில்லை. வெறும் படம். உண்மையான முத்திரை என்றால் அதை வழங்கிய அமைப்பின் தளத்திலேயே அந்தக் கம்பனியின் பெயர் இருக்க வேண்டும். அங்கே போய்த் தேடாமல் எந்த முத்திரையையும் நம்ப வேண்டாம்.

அழித்துவிடும்படி மின்னஞ்சல் அனுப்பினேன். வந்த பதில்: "நீங்கள் எமது வாடிக்கையாளர் அல்லர். ஆகவே உங்கள் கோரிக்கையை ஏற்க முடியாது." சரி என்று தங்கச்சியைக் கொண்டு அனுப்ப வைத்தேன். அவளுக்கு வந்த பதில்: "நிலுவையைத் தீர்த்த பின்னரே கோரிக்கை பரிசீலிக்கப்படும்." கடன் வாங்காதவளுக்கு வாயில்லை, வாங்கியவளுக்குக் கட்டி முடிக்கும் வரை உரிமையில்லை. இந்த இரண்டு மின்னஞ்சல்களையும் அன்றே அச்செடுத்துக் கோப்பில் போட்டேன். பிறகு எல்லா இடத்திலும் கைகொடுத்தவை அவைதான்.

அடுத்தது அந்தக் கோவையை வகுத்த சங்கம். உறுப்பினர் மீதான முறைப்பாட்டை ஒரு குழு விசாரிக்கும் என்று எழுதியிருந்தார்கள். குழுவில் யார் யார் என்று பார்த்தால் எல்லோரும் உறுப்பினர் கம்பனிகளின் ஆட்கள். இருந்தாலும் எழுதினேன். சில நாட்கள் கழித்து அதே பையன் அழைத்தான். நான் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தை எனக்கே வரிவரியாக வாசித்துக் காட்டினான். "தங்களது ஊழியர் என்னை மிரட்டியமை" என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தி, "நான் மிரட்டினேனா அக்கா?" என்று கேட்டான். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. என் வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்தன. அந்தரங்கத்தைக் காப்பாற்றும்படி எழுதிய கடிதமே அந்தரங்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. இப்படிப்பட்ட சங்கங்களுக்கு எழுதுகிறவர்கள் பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கொடுங்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்டால், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு பதிவாயிற்று. தமிழில்தான் எழுத வேண்டும் என்று சற்று நேரம் அடம்பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்னோர் அரச கந்தோரில்தான் வயிறெரிந்தது. பெயர் வேண்டாம். பஸ் ஏறிப் போய், நம்பர் எடுத்து, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டும் வரை காத்திருந்தேன். மேசையில் இருந்த ஐயா முதல் தாளின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, "இது போன் விஷயம், எங்களுடையது அல்ல" என்றார். "கடன் விஷயமும் இருக்கிறது ஐயா" என்றேன். "கடன் என்றால் கடன் வாங்கியவர் வரவேண்டும்." மின்னஞ்சல்களை நீட்டினேன். இரண்டாம் தாளைப் புரட்டக்கூட இல்லை. தங்கச்சி வருவதென்றால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும் என்று சொன்னதற்கு, அது அவர்களுடைய பிரச்சினை இல்லையாம்.

அந்தக் கோபத்தில்தான் இரவிரவாக உட்கார்ந்து வாசித்தேன். இப்படிக் கம்பனிகள் தமக்குத் தாமே விதி எழுதிக்கொள்ளும் கதை பழையது. 1998இல் அமெரிக்காவின் பெடரல் வர்த்தக ஆணைக்குழு ஏறத்தாழ 1,400 இணையத்தளங்களைப் பார்த்தது. 85 வீதத்துக்கு மேற்பட்டவை ஆட்களின் விவரங்களைத் திரட்டின. அதைப் பற்றி ஏதாவதோர் அறிவித்தல் போட்டிருந்தவை 14 வீதம்தான். தொழில்துறையே தன்னைத் திருத்திக்கொள்ளட்டும் என்று பொறுத்துப் பார்த்த அதே ஆணைக்குழு 2000ஆம் ஆண்டில் சட்டம் தேவை என்று சொல்லிவிட்டது. இணையத்தளங்களுக்கு அந்தரங்க முத்திரை வழங்கிப் பெயரெடுத்த டிரஸ்ட்-ஈ நிறுவனமே, ஆண்டுதோறும் சரிபார்ப்பதாகச் சொல்லிவிட்டு 2006 முதல் 2013 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் சரிபார்க்கவில்லை என்று 2014இல் அகப்பட்டது. அதை வாசித்தபோது என் பச்சை முத்திரை நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

எனக்கு வழி காட்டியது வேறொரு வழக்கு. திரட்டிய விவரங்களை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் ஆட்களை ஏமாற்றியதாக அந்த ஆணைக்குழு 1998இல் ஜியோசிட்டீஸ் தளத்தைப் பிடித்தது. தனியாக அந்தரங்கச் சட்டம் தேவைப்படவில்லை. கொடுத்த வாக்கு பொய்யானதே குற்றம். நமக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் திசைதிருப்பும் விதமாகவோ ஏமாற்றும் விதமாகவோ நடந்துகொள்வதைத் தடை செய்கிறது. முப்பது நாளில் அழிப்போம் என்று ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டுவிட்டு, கேட்டால் மாட்டோம் என்பது வேறென்ன?

நேரடியாகத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையே காட்டலாமே என்று கேட்பீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறதுதான். வாடிக்கையாளரா இல்லையா என்று அது பார்ப்பதில்லை, விவரம் யாருடையதோ அவருக்கே உரிமை. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் என்றும் இருக்கிறது. ஆனால் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த முக்கியமான பகுதிகள் தள்ளிப்போய்விட்டன. நான் கம்பனிக்குக் கடிதம் எழுதிய வேளையில் அவை வெறும் கடதாசி. ஆகவே அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, பாரத்தை 30ஆம் பிரிவின் மேல் போட்டேன்.

கடிதத்தோடு கம்பனியின் வாக்குறுதிப் பக்கத்தைத் திகதி தெரியும்படி அச்செடுத்து இணைத்தேன். இதைப் பிற்போட வேண்டாம், அந்தப் பக்கம் பிறகு மாறிவிட்டது. தளத்தில் வாட்ஸ்அப் இலக்கம் மட்டும்தான் இருந்தது. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் பெயரைத் தேடிப் பதிவு முகவரியைக் கண்டுபிடித்தேன். முதற்கடிதம் "இந்த முகவரியில் இல்லை" என்று திரும்பி வந்தது. அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, பணிப்பாளர்களின் பெயருக்கும் அதிகாரசபைக்குப் பிரதியாகவும் பதிவுத் தபாலில் மறுபடி அனுப்பினேன். கம்பனி அனுமதிப்பத்திரம் உள்ளதா என்பதை மத்திய வங்கியின் பட்டியலில் பார்க்கலாம், 1935க்கு அழைத்தும் கேட்கலாம். என் ஆட்கள் பட்டியலில் இல்லை. அதையும் கடிதத்தில் எழுதினேன்.

கூடவே இன்னொரு வேலையும் செய்தேன். கூகுள் பிளே ஸ்டோரின் விதிப்படி, 2023 மே 31 முதல் தனிநபர் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையோ படங்களையோ தொடக்கூடாது. அறுபது நாளுக்குள் முழுவதையும் கட்டச் சொல்லும் கடன்களுக்கும் அங்கே இடமில்லை. இவர்கள் ஸ்டோரில் தொண்ணூற்றொரு நாள் தவணை என்று போட்டிருந்தார்கள். தங்கச்சிக்கு வந்த குறுஞ்செய்தியில் பதினான்கு நாள். கடன் உறுதியானதும் "புதிய பதிப்பு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு அனுப்புவார்கள். இலக்கங்களை உறிஞ்சுவது அந்தப் பதிப்புத்தான். ஸ்டோரில் இருந்த தவணையையும் அந்தக் குறுஞ்செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து முறைப்பாட்டுப் படிவத்தில் ஏற்றினேன். இயந்திரப் பதில் ஒன்று வந்தது, வேறொன்றும் வரவில்லை. கொஞ்ச நாளில் செயலி ஸ்டோரில் இல்லை. என் முறைப்பாட்டாலா, இன்னொருவருடையதாலா, சொல்லத் தெரியாது. ஆனால் அதற்குப் பின்தான் கம்பனிக்குப் பேச்சு வந்தது.

"மதிப்புக்குரிய அம்மணி" என்று தொடங்கிய மின்னஞ்சலில் என் பெயர், இலக்கம், முகவரி அழிக்கப்பட்டதாக இருந்தது. வாசித்து முடித்ததும் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். அழைப்புகளும் நின்றன. தங்கச்சி அசலைக் கட்டி முடித்துவிட்டாள். வட்டிக் கணக்கு இன்னும் இழுபறி, அது தனிக்கதை.

செயலியை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே கம்பனிக்குப் போன இலக்கங்கள் அதனால் திரும்பி வராது. முதலில் கைபேசியின் அமைப்புகளுக்குள் (Settings) போய்த் தொடர்புப் பட்டியலுக்கான அனுமதியை நிறுத்துங்கள். குறுஞ்செய்திகளையும் கடன் விவரப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். அதன் பிறகு நீக்குங்கள். அடையாள அட்டைப் பிரதி யாருக்குக் கொடுத்தாலும் அதன் குறுக்கே என்ன தேவைக்கு, எந்தத் திகதியில் என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். என் கடையில் இப்போது எழுதாமல் பிரதி கொடுப்பதில்லை. சிலர் முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை.

அந்த மின்னஞ்சலில் ஒன்று மட்டும் இல்லை: என் விவரங்களை வேறு யாருக்குக் கொடுத்தார்கள் என்பது. அதைக் கேட்டு இரண்டாவது கடிதம் போயிருக்கிறது, பதிவுத் தபாலில்தான். பற்றுச்சீட்டு கோப்பில் இருக்கிறது. முதற்கடிதத்தின் மாதிரி வேண்டியவர்கள் கடைக்கு வாருங்கள், தட்டச்சுக்குக் காசு வேண்டாம், தபால் செலவு உங்களுடையது.