வீப்புரி மாகாணத்தை வரைகிறேன்: இதுவரை ஆனது

பின்லாந்தின் பழைய வீப்புரி மாகாணத்தின் எல்லைகளை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஆண்டுக்கு ஒரு லேயராக வரைந்துகொண்டு வருகிறேன். ஸ்வீடன் ரஷ்யாவிடம் 1721இல் இழந்த பகுதியும் 1743இல் க்யூமி ஆறு வரை இழந்த பகுதியும் முடிந்துவிட்டன.

பழைய வரைபடத்தை இன்றைய நிலத்தின் மேல் பொருத்த வீப்புரி கோட்டையையும் லடோகா ஏரித் தீவுகளில் உள்ள வலாம், கோனெவிட்ஸ் மடங்களையும் பிடிமானப் புள்ளிகளாக வைத்தேன், அவை அசையாமல் உட்கார்ந்துகொண்டன, ஆனால் தெற்கே சுவந்தோ ஏரி மட்டும் எப்படி இழுத்தாலும் பொருந்தவில்லை. காரணம் ஏரியிலேயே இருக்கிறது. 1818இல் அது தைப்பலே பக்கம் கரையை உடைத்துக்கொண்டு லடோகாவுக்குள் பாய்ந்து, நீர்மட்டம் பல மீட்டர் இறங்கிவிட்டது. 1857இல் கிவினியெமியில் கால்வாய் வெட்டியதும் வுவோக்சி ஆற்று நீரும் அந்த வழியாகத் திரும்பியது. அதனால் நீர்நிலைகளுக்கு மட்டும் 1818க்கு முன், 1857க்கு முன், அதற்குப் பின் என்று மூன்று லேயர் போட்டேன்.

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது 1812 லேயர்தான். ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் இந்த மாகாணத்தைத் தன் பேரரசிலிருந்து எடுத்து, தனக்குக் கீழேயே தனி நிர்வாகத்தோடு இருந்த பின்லாந்து கிராண்ட் டச்சியோடு சேர்த்தார். இரண்டுமே அவர் ஆட்சிதான், ஆகவே மாகாணத்தின் ரஷ்யப் பக்க எல்லை அன்றைக்கு வெறும் நிர்வாகக் கோடு. 1917இல் பின்லாந்து தனி நாடானபோது அதே கோடு நாட்டெல்லை ஆகிவிட்டது, அதுவும் பெட்ரோகிராடிலிருந்து (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) 32 கிலோமீட்டரில்! 1939 குளிர்காலப் போருக்கு முன் சோவியத் யூனியனும் பின்லாந்தும் நடத்திய பேச்சு பெரும்பாலும் இந்தத் தூரத்தைச் சுற்றித்தான் நடந்தது என்பதால், கோட்டைச் சிவப்பில் தடிமனாக விட்டிருக்கிறேன்.

அப்புறம் 1940 லேயர். வீப்புரி நகரமே சோவியத் யூனியனிடம் போய், லப்பேன்ரந்தா, ஹமினா, கோத்கா உள்ள மேற்குத் துண்டு மட்டும் மிஞ்சுகிறது. விட்டுக்கொடுத்த பகுதிகளிலிருந்து கிளம்பிய 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் இந்த மாகாணத்துக்காரர்கள். அந்தப் பகுதிகளைப் பின்லாந்து 1941இல் மீட்டு 1944இல் மறுபடி இழந்தது; மிஞ்சிய துண்டு 1945இல் க்யூமி மாகாணமாகி, 1997இல் தென் பின்லாந்தோடு இணைந்தது. 2009 முடிவோடு மாகாணம் என்ற அமைப்பே அங்கே எடுக்கப்பட்டுவிட்டது, என் காலக்கோடும் அங்கே நிற்கும்.

அடுத்து, 1939இல் இருந்த ஊராட்சி எல்லைகள். கிழக்கே லடோகா கரையில் சோர்த்தவாலாவிலிருந்து தொடங்குகிறேன்.