கல்லா, பாறையா: ஒரு தவக்கால நாட்குறிப்பு

மார்ச் 10, ஞாயிறு

இந்தத் தவக்காலத்தில் (எங்கள் சபையில் லெந்து நாட்கள் என்போம்) இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் என் கணவரும் ஒரு நற்செய்திப் பகுதியைச் சேர்ந்து வாசிக்கிறோம். நான் பிராட்டஸ்டண்ட், அவர் கத்தோலிக்கர், ஆளுக்கொரு பைபிள். இன்றைக்கு மத்தேயு 16:18, இயேசு தன் சீடர் பேதுருவிடம் சொல்வது. என்னுடையதில் "இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்", அவருடையதில் "இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்". சண்டைக்கு இதுவே போதும்.

கிரேக்கத்தில் பெத்ரோஸ் (பேதுருவின் பெயர்), பெத்ரா (பாறை) என்று இரண்டு சொல் வருகிறது, அதனால் ஆள் வேறு, பாறை வேறு, பாறை என்பது பேதுரு அறிக்கையிட்ட விசுவாசம்தான் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். இயேசு பேசியது அரமேயம், அதில் இரண்டுக்கும் கேபா என்ற ஒரே சொல்தானே என்றார் அவர். யோவான் 1:42-இல் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது, மறுக்க முடியவில்லை. ஆனால் பாறை பேதுருதான் என்று வைத்துக்கொண்டாலும், அங்கிருந்து போப்பின் அதிகாரம் வரை போக இன்னும் நிறைய படி ஏற வேண்டும். ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பேதுருவை முதல்வராக மதிக்கின்றன, ஆனால் ரோம் ஆயரான போப்புக்கு எல்லாச் சபைகள்மேலும் ஆட்சி உண்டு என்பதை அவை ஏற்பதில்லை.

மார்ச் 13, புதன்

பழைய காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் என்ன சொல்கிறார் என்று தேடினேன். பாறை பேதுருதான் என்று முதலில் எழுதியவர், பிறகு பல இடங்களில் பேதுரு அறிக்கையிட்ட கிறிஸ்துவே பாறை என்றார். முதுமையில் தன் எழுத்துகளைத் திரும்பப் பார்த்தபோது, இரண்டில் எது பொருத்தம் என்று வாசிப்பவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார். இரண்டு தரப்பும் தங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்ளும் மனிதர்! கணவரிடம் காட்டினேன், ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

யோவான் 6. "என் சதையை உண்டு" என்று வரும் இடத்தில் அவர் நிறுத்தி, நற்கருணை (எங்கள் சபையில் திருவிருந்து) அப்பம் கிறிஸ்துவின் உடலே என்பதை இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது என்று கேட்டார். நான் பத்து வசனம் கீழே போய் 63-ஐ வாசித்தேன்: "ஆவியே உயிர்ப்பிக்கிறது, மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது." 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் பிராட்டஸ்டண்ட் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் இதைப் பற்றி வாதாடியபோது சுவிங்லி கையில் எடுத்ததும் இதே வசனம்தான். லூத்தரோ "இது என் சரீரம்" என்று லத்தீனில் மேசைமேல் சாக்பீஸால் எழுதிவைத்துக்கொண்டு அதைவிட்டு அசையவில்லை. 15 விஷயங்களில் 14-இல் ஒத்துப்போனார்கள், நற்கருணையில் மட்டும் பிரிந்தார்கள்.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அந்த ஒரு வாக்கியத்தை எழுத்துப்படியே பிடித்துக்கொண்ட அதே லூத்தர், யோவான் 6 திருவிருந்தைப் பற்றியதே அல்ல, விசுவாசத்தைப் பற்றியது என்கிறார். ஆக எழுத்துப்படி வாசிக்கிறோம் என்று யார் சொன்னாலும், எந்த வசனத்தில் அப்படி வாசிக்கிறோம் என்பதை முன்பே வேறெங்கோ முடிவுசெய்துவிடுகிறோம். நானும்தான். எங்கள் சபையில் கேட்டுப் பழகிய ஜெபங்களும் பாட்டுகளும் அந்த முடிவை எனக்காக எடுத்துவிட்டிருக்கின்றன, இத்தனை வருஷம் அது தெரியாமலே வேதம் தெளிவாகச் சொல்கிறது என்று அவரிடம் வாதாடியிருக்கிறேன்.

மார்ச் 28, வியாழன்

அவருக்குப் புனித வியாழன், எனக்குப் பெரிய வியாழன். அவரோடு திருப்பலிக்குப் போனேன். யோவான் 13, பாதம் கழுவுதல். "நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்" என்பதைவிட நேரான கட்டளை உண்டா? அட்வென்டிஸ்ட் சபைகளும் மெனோனைட்டுகளில் பலரும் இதைத் திருவிருந்தோடு சேர்த்தே செய்கிறார்கள். கத்தோலிக்கர் வருஷத்துக்கு ஒருமுறை செய்கிறார்கள், பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று சடங்குமுறை மாறியதே 2016-இல்தான். எங்கள் சபையில் பிரசங்கத்தோடு சரி. மற்ற மூன்று நற்செய்திகளும் அப்பத்தையும் பாத்திரத்தையும் சொல்லும் அந்த இரவில் யோவான் அதைச் சொல்லாமல், தண்ணீரையும் துண்டையும் காட்டுகிறார். பாதம் கழுவுதல் எப்படி வெறும் உவமை ஆனது, அப்பமும் பாத்திரமும் மட்டும் எப்படிச் சாக்கிரமெந்து (சபையின் புனிதச் சடங்கு) ஆனது?

நற்கருணைக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவர்கள் முறைப்படி நான் வாங்க முடியாது, அதனால் பெஞ்சிலேயே இருந்தேன். வாங்கிக்கொண்டு வந்தவர் என் பக்கத்தில் முழங்காலிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். வருத்தமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் நாளைக்கு யோவான் 19 வாசிக்கலாமா என்று கேட்டார், சரி என்றேன்.