கண்ணில் ஏறிய மஞ்சள்

2018 ஆடி மாதம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை. சன்னல் வெளிச்சத்தில் அண்ணனின் கண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டேன். வெண்விழி முழுக்க மஞ்சள். "சிறுநீரும் ஒரு வாரமாக இந்த நிறம்தான்" என்று கையிலிருந்த செம்பழுப்பு ரூயிபோஸ் தேநீரைக் காட்டினார். ஒரு வாரமாக! ஆண்களின் பொறுமைக்கு ஓர் அளவில்லையா?

எச்ஐவிக்காக எஃபாவிரென்ஸ் என்ற மருந்து கலந்த கூட்டு மாத்திரையை ஏழு மாதமாக இரவுதோறும் விழுங்கிவந்தார். அம்மாவுக்குத் தெரியாது. காமாலை என்றோம், உடனே கீழாநெல்லி தேடக் கிளம்பிவிட்டார்.

மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னார் ஒரு நண்பர். அதில் உள்ள டெனோஃபோவிர் என்ற இன்னொரு மருந்து, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் அடக்கிவைப்பது. அந்தக் கிருமி உள்ளவர் சொந்த முடிவில் நிறுத்தினால் கல்லீரல் இன்னும் மோசமாகலாம் என்பது அவருக்குத் தெரியுமா?

அன்றே மருத்துவரிடம் போனோம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவான ஏஎல்டி, 40-ஐ ஒட்டியிருக்க வேண்டியது, 700-ஐத் தாண்டியிருந்தது. ஹெபடைடிஸ் பி இல்லை. எஃபாவிரென்ஸ் மீது சந்தேகப்பட்டு எல்லா மாத்திரைகளையும் மருத்துவரே நிறுத்தினார், கல்லீரல் தணிந்த பிறகு எஃபாவிரென்ஸ் இல்லாத வேறு கூட்டு கொடுத்தார். அவர் முதலில் கேட்டதே, "வீட்டில் வேறு ஏதாவது சாறு குடித்தீர்களா?" என்றுதான். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

கண் வெளுக்க மூன்று மாதமானது. 2019 இறுதியில் தென்னாப்பிரிக்க அரசின் எச்ஐவி சிகிச்சைத் திட்டத்தில் டோலுடெக்ராவிர் என்ற புதிய மருந்து வந்தது, இப்போது அதுதான் எடுக்கிறார். இன்றும் அவர் வீட்டுக்கு வந்தால் சன்னலோரம்தான் உட்காரச் சொல்கிறேன்.