ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்?

இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வரப்போகிற தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, “அக்கா, ஆஸ்கி பரீட்சை ரொம்பக் கஷ்டமா?” என்றுதான். வெளிநாட்டு நர்ஸுகள் இங்கே பதிவு பெறுவதற்கான செய்முறைத் தேர்வு அது. கஷ்டம்தான். ஆனால் அது ஒரே நாளில் முடிந்துவிடும், வார்டு வேலை அப்படி முடியாது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பகல் டியூட்டி காலை 7 மணி முதல் இரவு 7.30 வரை. யாராவது லீவு போட்டு, ஏஜென்சியிலிருந்தும் ஆள் வராத நாளில் என் கணக்கில் பத்து நோயாளிகள் வந்துவிடுவார்கள். அதில் ஒருவருக்கு மூச்சு, நாடி, பிரஷர் எல்லாம் சேர்த்துப் போடும் நியூஸ் ஸ்கோர் 5-ஐத் தொட்டால், குறைந்தது மணிக்கொரு தரம் திரும்பப் பார்க்க வேண்டும். டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும், எல்லாவற்றையும் எழுதவும் வேண்டும். மற்ற ஒன்பது பேரும் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். மாத்திரை எப்படியாவது கொடுத்துவிடுவோம். விட்டுப்போவது வேறு வேலைகள்: படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைத் திருப்பிப் படுக்க வைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, வீட்டுக்குப் போகிறவருக்கு எந்த மாத்திரை எப்போது என்று உட்கார்ந்து சொல்வது. திருப்பாத முதுகில் புண் வந்தால் அது அடுத்த வாரத்துக்கு இன்னும் பெரிய வேலை. ஆள் குறைத்து மிச்சம் பிடிக்கிறோம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

உடம்பும் கேட்காது. பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் சிறுநீர்த் தொற்று வந்தவர்கள் எங்கள் வார்டிலேயே இருக்கிறார்கள். இடுப்பு வலியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரவு டியூட்டி முடிந்து பகலில் ஜன்னலை மூடிப் படுத்தாலும், விட்டுப்போன வேலை நினைவுக்கு வந்து தூக்கம் கலைந்துவிடும்.

இது புலம்பல் இல்லை. நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலே, 30 நாட்களுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸ் மனதளவில் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுவதாக அதில் தெரிந்தது. பகலில் ஒரு நர்ஸுக்கு எட்டுப் பேருக்கு மேல் போனால் ஆபத்து கூடும் என்று சிகிச்சைக்கு வழிகாட்டுதல்கள் வெளியிடும் இங்குள்ள நைஸ் அமைப்பும் 2014-இல் சொன்னது. பக்கத்து வேல்ஸில் 2016-இலேயே சட்டம் வந்துவிட்டது. எண்ணிக்கை இவ்வளவு என்று அது சொல்லாவிட்டாலும், வார்டுக்கு எத்தனை நர்ஸ் தேவை என்று கணக்கிட்டு, அத்தனை பேரை வைக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுக்கச் சொல்கிறது. இங்கிலாந்தில் அதுகூட இல்லை.

நம்மவர்கள் வாய் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. விசாவே அந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது. ஊரில் கடன், போதாததற்கு லீவு நாளிலும் பேங்க் ஷிப்ட், அதாவது கூடுதல் சம்பளத்துக்காகப் பார்க்கும் உபரி டியூட்டி. அப்படியும் ஆள் குறைந்த நாளில் பொறுப்பு நர்ஸிடம் சொல்லி, டேட்டிக்ஸில், அதாவது ஆஸ்பத்திரியில் நடக்கும் பிரச்சினைகளைப் பதியும் கம்ப்யூட்டர் பதிவேட்டில், பதிந்துவிடுங்கள். பின்னால் ஏதாவது நடந்தால், அன்று எத்தனை பேர் இருந்தோம் என்பதற்கு அந்தப் பதிவு சாட்சி. யூனியனில் சேர்ந்துவிடுங்கள். அப்புறம், இன்டர்வியூவில் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: பகலில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள், இரவில் எத்தனை? பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.