சாம்பல் போய்க் கறுப்பு வந்தது

போன ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்கள் தெருவில் கரண்ட் போன நேரத்தில், என் மைக்ரோஸ்கோப்பின் 10 மடங்கு ஆப்ஜெக்டிவில் (ஸ்லைடுக்கு மேலே, பொருளைப் பெரிதாக்கும் லென்ஸ்) எனக்கு முழுக் கறுப்புப் பின்புலம் கிடைத்தது. சாம்பல் கலந்த கறுப்பு இல்லை, மை மாதிரிக் கறுப்பு. அதன் நடுவே வால்வாக்ஸ் என்ற பாசியின் உருண்டைகள் பச்சைப் பச்சையாக மெல்லச் சுழன்றுகொண்டே போயின. ஐந்து மாதமாக இதற்காகத்தான் மல்லுக்கட்டினேன். மேல் மாடிப் பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கார்த்திகை விளக்கைத் தண்ணியில மிதக்க விட்ட மாதிரி இருக்குடா தம்பி" என்றார். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவர் வளர்க்கும் தாமரைத் தொட்டியிலிருந்துதான்.

இருள்புலம் என்றால், ஸ்லைடுக்கு அடியில் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சரின் கீழே, நடுவில், பட்டை என்கிற கறுப்பு வட்டத்தை வைத்து நேர் வெளிச்சத்தை மறைப்பது. சாய்ந்த வெளிச்சம் பட்டுப் பொருள் மட்டும் கறுப்பில் மின்னும். இதைப் படிப்பவர்களில் பலருக்கு இது தெரியும். நான் எங்கே மாட்டிக்கொண்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என்னுடையது அம்பாலாவில் செய்த பழைய மாணவர் மாடல். 4, 10, 40, 100 ஆப்ஜெக்டிவ்கள், 1.25 என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு சாய்ந்த வெளிச்சம்வரை கையாளும் என்பதைச் சொல்லும் எண்) உள்ள இரண்டு லென்ஸ் அபே கண்டென்சர், அதன் அடியில் 32 மில்லிமீட்டர் ஃபில்டர் வளையம். உள்ளே இருந்த 6 வோல்ட் 20 வாட் ஹாலஜனைப் போன வருடமே கழற்றிவிட்டேன். ரங்கூனில் கரண்டை நம்பி எதையும் பார்க்க முடியாது. இப்போது 3 வாட் எல்.இ.டி., இரண்டு 18650 பேட்டரி. இருள்புலத்தில் ஸ்லைடில் சிதறிய வெளிச்சம் மட்டும்தான் கண்ணுக்கு வருவதால் விளக்கை முழு அளவில் வைக்க வேண்டியிருக்கிறது. முதலில் போட்ட மலிவு டிம்மர், விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிற வகை. கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவில் குறுக்கே வரிவரியாக விழும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மாறாத கரண்ட் தருகிற டிரைவர் சர்க்யூட் ஒன்றை மாட்டினேன். வரி போய்விட்டது.

சரி, பட்டைக்கு வருகிறேன். ஓ.எச்.பி. தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) கறுப்பு வட்டம் அச்சடித்துப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். லேசர் டோனர் பார்வைக்குக் கறுப்பு. விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசித் துளைகள் ஆயிரம். இரண்டு தாளை ஒட்டினாலும் நடுவில் கசிகிறது. மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத் தாள் இதற்கு எவ்வளவோ மேல். செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் துளை போடும் குழாய் உளிகளில் 7 முதல் 14 மில்லிமீட்டர் வரை ஒரு செட் வாங்கி, அந்தத் தாளில் வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டேன்.

வட்டத்தை ஒட்டுவதற்கு நல்ல வழி மொகல் தெருவில் கிடைத்தது. அங்கே எனக்குப் பழக்கமான கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். புது ஃபிரேமோடு வரும் பவர் இல்லாத பிளாஸ்டிக் லென்ஸ்களை அவர்கள் கழற்றிக் குப்பையில்தான் போடுவார்கள். "பாய், அதுல நாலு வேணும், 32 மில்லிமீட்டருக்கு ரவுண்டா அடிச்சுத் தர முடியுமா?" என்று கேட்டேன். லென்ஸ் தேய்க்கும் மெஷினில் வைத்து எட்டே நிமிடத்தில் நான்கு வட்டம் கொடுத்தார், காசு வாங்கவில்லை. வளையத்தில் ஆடாமல் அசையாமல் உட்காருகின்றன. பட்டை மையத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கழற்றிவிட்டு, கண் மருந்துப் புட்டியின் மூடியில் துளை போட்டுக் குழாயின் மேல் வைத்து உள்ளே பார்க்கிறேன். ஆப்ஜெக்டிவின் பின்புற வட்டத்தின் ஓரத்தில் பிறை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் பட்டை நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறை போகும்வரை நகர்த்தி, அப்புறம்தான் பசை.

அளவுக்குக் கணக்கு உண்டு. கண்டென்சரின் குவியத் தூரம், ஆப்ஜெக்டிவின் என்.ஏ., இரண்டையும் பெருக்கி இரண்டு மடங்காக்க வேண்டும். என் கண்டென்சருக்குக் குவியத் தூரம் சுமார் 12 மில்லிமீட்டர். 10 மடங்கின் என்.ஏ. 0.25. ஆக 6 மில்லிமீட்டர். கணக்கு பிடிக்காதவர்கள் ஐபீஸைக் கழற்றி, கண்டென்சரில் வெளிச்சத் திறப்பைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸின் ஓரம் ஆப்ஜெக்டிவின் பின்புற வட்ட ஓரத்தைத் தொடும்வரை மூடிவிட்டு, ஐரிஸின் திறப்பை வெர்னியரில் அளந்தால் அதே அளவு வரும். எனக்கு 6.5 வந்தது. கொஞ்சம் தாராளமாக 8 மில்லிமீட்டர் போட்டேன். பின்புலம் சாம்பல். 9 போட்டேன், சாம்பல். 10, 11, 12. சாம்பல் சாம்பல்தான்.

இந்த இடத்தில்தான் இரண்டு மாதம் போனது. பட்டையில் கசிகிறது என்று நினைத்து அலுமினியத்தை இரட்டித்தேன். ஓரத்துப் பளபளப்பில் வெளிச்சம் தெறிக்கிறதோ என்று மார்க்கரால் கறுப்படித்தேன். ஐரிஸை முழுக்கத் திறந்தேன், கண்டென்சரை மேலே கொண்டுபோய் ஸ்லைடை உரசும் அளவுக்கு வைத்தேன். கடைசியில் 14 மில்லிமீட்டர் வட்டத்தையும் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. விளக்கு வெளிச்சம் பட்டையைத் தாண்டி நேராக உள்ளே வருவதாக இருந்தால் 8-க்கும் 14-க்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பொருளின் பளபளப்பு குறைந்ததே தவிர, அதோடு ஒப்பிட்டால் பின்புலம் கொஞ்சமும் இருட்டாகவில்லை. அப்படியானால் இது பட்டையைத் தாண்டி வரும் வெளிச்சம் இல்லை. பட்டைக்கு மேலே எங்கோ சிதறுகிற வெளிச்சம்.

ஸ்லைடை எடுத்துவிட்டுப் பார்த்தேன். வெறும் காற்று, அப்போதும் சாம்பல். ஐபீஸைத் திருப்பிப் பார்த்தேன். அதில் இருந்த ஒரு புள்ளி கூடவே சுற்றியது, ஆனால் சாம்பல் சுற்றவில்லை. மிச்சம் இருப்பது கண்டென்சர். 4 மடங்கு ஆப்ஜெக்டிவை மாற்றி, பெரிய திருகால் ஸ்லைடு இருக்கும் மட்டத்துக்கும் கீழே ஃபோகஸை இறக்கினேன். கண்டென்சரின் மேல் லென்ஸ் ஃபோகஸுக்கு வந்தது. நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்: சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள் கிளைகிளையாகப் பிரிந்து வெள்ளையாக ஜொலித்தன. நடுவே காய்ந்துபோன எண்ணெய்ப் படலம் ஒன்று. பூஞ்சணம். வழக்கமான வெளிச்சத்தில் ஒரு நாள்கூட இது கண்ணில் பட்டதில்லை.

ஏன் மேல் லென்ஸில் உள்ள அழுக்கு மட்டும் இவ்வளவு கெடுக்கிறது, கீழே பட்டை ஒட்டிய பிளாஸ்டிக்கில் இருக்கும் தூசி ஒன்றும் செய்வதில்லை என்று யோசித்தேன். வளையத்தின் மட்டத்தில் ஒரு கதிர் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் அது ஸ்லைடில் எந்தக் கோணத்தில் சாய்ந்து விழும் என்பது முடிவாகிறது. அங்கே தூசி கதிரைத் திருப்பினாலும் இடம் மாறுவதில்லை, ஆகவே சாய்வும் மாறுவதில்லை. ஆனால் மேல் லென்ஸில் இருக்கும் அழுக்கு, சாய்ந்து போகிற கதிரைப் பிடித்து நேராக ஆப்ஜெக்டிவுக்குள் தள்ளிவிடுகிறது. சாம்பலுக்குக் காரணம் இதுதான். அதனால் இனி பட்டை வெட்டுபவர்கள் முதலில் 4 மடங்கில் கண்டென்சர் மேல் லென்ஸைப் பார்த்துவிட்டு அப்புறம் உளியை எடுங்கள்.

சுத்தம் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, பூஞ்சணம் எல்லோர் லென்ஸிலும் வரும். அபே கண்டென்சரில் இரண்டும் தனித்தனிக் கண்ணாடி, நடுவே ஒட்டுப் பசை கிடையாது. அதனால் தைரியமாகக் கழற்றிக் கழுவலாம். ஆப்ஜெக்டிவை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், நனைக்கவும் வேண்டாம். அதில் பசை வைத்து ஒட்டிய லென்ஸ்கள் உண்டு. கழற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் மேலே என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன். மேல் லென்ஸின் தட்டைப் பக்கம் ஸ்லைடைப் பார்த்து இருக்க வேண்டும். காது கழுவும் ரப்பர் பந்தால் தூசியை ஊதினேன். மணல் துகள் ஒன்று ஒட்டியிருக்கும்போது துடைத்தால் கீறல் நிரந்தரம். எண்ணெய்ப் படலத்துக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், புதுப் பஞ்சில் தொட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருள் சுருளாக. ஒரு பஞ்சு ஒரு சுற்றுக்குத்தான், திரும்ப அதையே தேய்த்தால் எடுத்த எண்ணெயை மறுபடி பூசுகிறோம். பூஞ்சணத்துக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் மேலே வைத்தேன். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, விரல் நுனியால் மெதுவாக. கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, காய்ந்தால் உப்புப் புள்ளி நிற்கும். கார் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கிறது. வாங்கும்போது ஆசிட் கலக்காததா என்று இரண்டு முறை கேளுங்கள், இரண்டும் ஒரே மாதிரிப் புட்டியில்தான் நிற்கின்றன.

நூல்கள் போய்விட்டன. கீழ் லென்ஸின் ஓரத்தில் மட்டும் ஒரு நெளிந்த தடம் போகவே இல்லை. பூஞ்சணம் விடுகிற அமிலம் கண்ணாடியையே அரித்திருக்கிறது. இன்னும் ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டிருந்தால் நடுவிலும் அரித்திருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இனி பாதுகாப்பு. என் மாமா காலத்தில் பீரோவுக்குள் சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டு அந்தச் சூட்டில் கேமராவை வைத்திருப்பார்கள். கரண்ட் பாதி நேரம் இல்லாத ஊரில் அது நடக்காது. அரிசி கொட்டி வைக்கும் ரப்பர் வாய் போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா வாங்கி, அரைக் கிலோ நீலச் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பத மீட்டர் ஒன்றை உள்ளே ஒட்டிவிட்டேன். ஆகஸ்டில் அறையில் 88 சதவீதம், டப்பாவுக்குள் 45. ஜெல் இளஞ்சிவப்பானதும் வறுத்து ஈரம் எடுக்க வேண்டும், 120 டிகிரி போதும். நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு, அது நஞ்சு. அதற்கென்று தனிச் சட்டி வைத்திருக்கிறேன், சமையலுக்கு அது திரும்பாது.

கவர் ஸ்லிப் (ஸ்லைடின் மேல் பொருளை மூடும் மெல்லிய கண்ணாடி) பற்றி ஒரு வருத்தம் உண்டு. இங்கே ஒரு கடையில் வாங்கிய நான்கு பெட்டியில் மூன்று பெட்டி ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தாலும் மங்கலாக இருந்தன. வழக்கமான வெளிச்சத்தில் ஓட்டிவிடலாம். இருள்புலத்தில் அந்த மங்கல் முழுக்க மின்னும். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார்கள். இது நியாயமே இல்லை. தம்பி மகள் சென்னையிலிருந்து டிசம்பரில் வருகிறாள், பாரிமுனையில் 0.17 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப் பத்துப் பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஜெல் பை போட்டு மூடி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்லைடும் ஒரு மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டக் கூடாது, தடியான ஸ்லைடில் கண்டென்சரின் வெளிச்சக் கூம்பு பொருள்வரை எட்டுவதில்லை.

வால்வாக்ஸை, நுண்ணுயிர்களை முதலில் பார்த்துச் சொன்ன டச்சுக்காரர் லேவன்ஹூக் 1700-ல் எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார், உருண்டைக்குள் குட்டி உருண்டைகள் இருப்பதையும் சேர்த்து. ஒற்றை லென்ஸில் அவர் பார்த்ததை நான் பெரியம்மா தொட்டியில் பார்த்தேன். ஒரு உருண்டை என் கண் முன்னாலேயே கிழிந்து குட்டிகளை வெளியே விட்டது. அன்றைக்கு இரண்டு பேட்டரியும் தீரும்வரை எழுந்திருக்கவில்லை. ஓரத்தில் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய விலங்கு ஒன்று தலையில் உள்ள மயிரிழைச் சக்கரத்தைச் சுழற்றி எல்லாவற்றையும் வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தது. மயிரிழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, வெள்ளிக் கம்பி மாதிரி. சாதாரண வெளிச்சத்தில் ஐரிஸை எவ்வளவு மூடினாலும் இப்படி வராது.

40 மடங்கு இன்னும் வசப்படவில்லை. என்.ஏ. 0.65, கணக்குப்படி பட்டை 15.6 மில்லிமீட்டர், நான் போட்டது 17. கண்டென்சருக்கும் ஸ்லைடுக்கும் நடுவே காற்று இருக்கும்வரை 1.0-க்கு மேல் சாய்ந்த கதிர் வெளியே வராது, ஆகவே பயன்படுவது ஒரு மெல்லிய வளையம்தான். அதிலும் அபே கண்டென்சர் ஓரக் கதிர்களைச் சரியாக ஒரு புள்ளியில் சேர்ப்பதில்லை. சாம்பலும் மங்கலும் கலந்து வருகிறது. அந்த இடைவெளியில் எண்ணெய் விட்டால் வளையம் அகலமாகும், ஆனால் தொட்டித் தண்ணீர் பார்க்க ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அடியில் எண்ணெய் தேய்த்துத் துடைக்க எனக்கு மனமில்லை, அதுவும் இப்போது கழுவிய லென்ஸில். மௌல்மீனில் இருக்கும் நண்பர் ஒருவர், "அண்ணே, டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க" என்றார். யோசித்தால் சரிதான். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, கண்டென்சரின் 1.25 முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். வேலை முடிந்ததும் லென்ஸ் தாளால் ஒற்றி எடுத்தால் போதும், எண்ணெய் மாதிரிப் படலம் விடாது.

அதற்குள் ரைன்பெர்க் கண்டுபிடித்த நிறப் பட்டையின் மேல் ஆசையும் வந்துவிட்டது. 1896-ல் அவர் செய்த மாதிரி நடுவில் கறுப்புக்குப் பதில் நீலம், சுற்றி மஞ்சள். மிட்டாய் சுற்றும் கண்ணாடித் தாள் தெளிவாக இருக்கிறதா என்று தெருமுனைக் கடையில் ஏழு நிறம் வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நீலம் ரொம்ப மெலிசு, மூன்று மடிப்பு போட வேண்டும். சிவப்பு நன்றாக இருக்கிறது. கண்ணாடிக் கடை பாயிடம் இன்னும் ஆறு வட்டம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் அந்தத் தண்ணீர்ச் சொட்டு. பேட்டரி இரண்டும் இப்போது சார்ஜில் இருக்கின்றன, பெரியம்மாவிடம் தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.